வீட்டோடு அழைத்த விருந்துக்குத் தனித் தட்டு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனை பிடித்ததெல்லாம் சாமான் துண்டு எழுதத்தான். போன மாதம் நம்முடைய விருந்துச் சமையல் தொழிலுக்குப் புதிதாக வந்த உங்களுக்குக் கண்டியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். 'வியாபாரத்தில் தலைமைத்துவமும் புத்தாக்கமும்' என்று பலகையில் எழுதியிருந்தது. வேலையிலிருந்து நின்ற பழைய ஆள் என்ற முறையில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன். மைக்கைப் பார்த்தேன். "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள். அதில் பிழை இல்லை. ஆனால் மஹய்யாவவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்ல நினைத்தது ஒரு சம்பவம். அதை இன்றைக்கும் என்னால் ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்க முடியவில்லை. அறைக்கும் குசினிக்கும் நடக்கிறேன், உட்காருகிறேன், திரும்ப எழுந்து நடக்கிறேன். முழங்கால் வலிக்கும்போது கொஞ்சம் எழுதுகிறேன். ஒழுங்கில்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் ஆளுக்கொரு பெட்டியில் கொடுக்கும் பொக்ஸ் சாப்பாட்டுக் காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். ஆகவே சஹன் பற்றி முதலில் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டம். முஸ்லிம் கல்யாணங்களில் அதில் சோற்றைக் குவித்து, இறைச்சியை மேலே அடுக்கி, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இத்தனை பேருக்குச் சாப்பாடு என்று யாரும் ஓடர் தருவதில்லை. இத்தனை சஹன் என்பார்கள். நாமும் அப்படியே ஆக்கிக் கொடுப்போம்.

நான் வேலை செய்த சமையற்கூடம் அக்குறணையில் இருந்தது. அதை நடத்திய ஹாஜியார் காலமான பிறகு அவருடைய ஒரே மகள் பொறுப்பெடுத்தார். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். முஸ்லிம் பிள்ளைகள் அக்காவை ராத்தா என்பார்கள். வேலை செய்த எல்லாரும் அப்படிக் கூப்பிட்டதால், வயதில் மூத்தவளான நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்பார். பெண்கள் பக்கப் பந்தியைக் கவனிப்பது என் வேலை.

கூடத்தில் பாதி, ஹாஜியாரின் தம்பியுடையது. ராத்தாவுக்கு அவர் சாச்சா. கெட்ட மனிதர் அல்ல. ஆனால் சோற்று வியாபாரத்தில் அவருக்கு மனம் போகவில்லை. பிரதான வீதியில் இருக்கும் அந்த இடத்தில் டைல்ஸ் கடை போட்டால் வீட்டிலிருந்தபடியே பிழைக்கலாம் என்று நினைத்தார். கூடத்துக்கு வரும்போதெல்லாம், "என்ன மகள், தேக்சா தூக்கித் தூக்கி கை நீண்டு போச்சா?" என்று சீண்டுவார். தேக்சா என்பது சோறு ஆக்கும் பெரிய அண்டா.

கொரோனா முடிந்து கல்யாணங்கள் திரும்பத் தொடங்கிய காலம் அது. ஒரே சஹனில் கை வைக்க ஆட்கள் தயங்கினார்கள். சாப்பிடாமலே மொய்யைக் கொடுத்துவிட்டுப் போனவர்களை நானே பார்த்தேன். ராத்தா பல இரவுகள் யோசித்திருக்க வேண்டும். ஒருநாள் மூடி போட்ட, நாலு பள்ளம் வைத்த ஸ்டீல் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். சோறு ஒரு பள்ளம், கோழி ஒன்று, கத்தரிக்காயும் அச்சாறும் ஒன்று, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் ஒன்று.

"ஆளுக்கொரு தட்டு. சோறும் வீண்போகாது, நோய் வருத்தம் ஈக்கிற ஆக்களும் பயமில்லாம சாப்பிடலாம்" என்றார்.

எங்கள் தலைமைச் சமையல்காரரை எல்லாரும் கோக்கி நானா என்போம். அவர் மூடியைத் திறந்தார், மூடினார். "சோறு மூச்சு வாங்க எடமில்லையே புள்ள. இது ஆஸ்பத்திரித் தட்டு மாதிரி ஈக்கி."

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கத்தான் நானா இது."

நாங்கள் சிரித்தோம். அந்த யோசனை நல்ல யோசனை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு 'புதுசாக எதையும் செய்யக் கூடாது' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று நீங்கள் கொடுக்கும் பொக்ஸ் அந்தத் தட்டின் பிள்ளைதான்.

தட்டு வந்ததும் கணக்கு மாறியது. சஹன் கணக்கு போதாது, ஆள் கணக்கு வேண்டும். ஊரில் ஒரு பெரிய வியாபாரி தன் மகனின் வலீமாவை, மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கல்யாண விருந்தை, எங்களிடம் தந்தார். கொழும்பிலிருந்து அவருடைய வியாபாரச் சிநேகிதர்கள் வருகிறார்கள், தட்டு என்றால் கௌரவமாக இருக்கும் என்று அவருக்கும் பிடித்துக்கொண்டது. அழைப்புக் கிடைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போனது: எத்தனை பேர் வருகிறீர்கள் என்று தயவுசெய்து அறிவிக்கவும். தட்டில் பரிமாறுவோம் என்பதையும் ராத்தா அதில் எழுதினார். பதில்கள் எல்லாம் வந்தபோது எண்ணிக்கை நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. ராத்தாவுக்குச் சந்தோஷம். எங்களுக்கும்தான். கோக்கி நானாகூட "ஆக்கள் திருந்திட்டாங்க போல" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சாச்சா வந்தார். எல்லாரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் முன்னாலேயே சொன்னார்:

"இந்த வலீமா சரியா நடந்தா நான் வாய் தெறக்க மாட்டேன். பிழையாப் போச்சோ, கூடத்த மூடுறம். சரியா மகள்?"

ராத்தா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி சாச்சா" என்றார்.

வெங்காயம் உரித்த ஒவ்வொருத்தியின் வீட்டு அடுப்பும் அந்தக் கூடத்தை நம்பித்தான் எரிந்தது. எங்களைக் கேட்காமல் எங்களையும் சேர்த்துப் பந்தயம் வைத்துவிட்டாரே என்று நினைத்தேன். வாய் திறந்து கேட்கும் பழக்கம் எனக்கில்லை. உரித்துக்கொண்டே இருந்தேன்.

வலீமா பகல் சாப்பாடு. மண்டபத்தில் பெண்களுக்குக் கீழ் மாடி, ஆண்களுக்கு மேல் மாடி. பெண்கள் முன்னாலேயே வந்துவிடுவார்கள். ஆண்கள் லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வருவார்கள். இரண்டு மாடியிலும் ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் மூடிய தட்டு. வரிசை வரிசையாக மின்னிக்கொண்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். வந்துகொண்டே இருந்தார்கள்.

எங்கே பிழை நடந்தது என்று இப்போது சொல்லிவிடலாம், அன்று அந்த வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. அழைப்புக் கொடுக்கப் போன பெரியவர்கள் வீட்டுக்கு வீடு வாய் நிறைய, "வீட்டோட வாங்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். வீட்டோடு என்றால் மாமியும் மருமகளும் கைப்பிள்ளையும் விருந்துக்கு வந்து நிற்கும் மச்சாளும் எல்லாரும்தான். ஆனால் போனில் 'எத்தனை பேர்?' என்று கேட்டால் யார் சொல்வார்கள், நாங்கள் ஒன்பது வாய் வருகிறோம் என்று? வெட்கம். "நாங்க ரெண்டு பேர்தான், பாப்பம்" என்று எழுதிவிடுவார்கள். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை, மரியாதை செய்தார்கள். என் வீட்டுக்கு அப்படி ஒரு செய்தி வந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். நாங்கள் எல்லாரும் இந்த ஊர் ஆட்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சஹன் இந்த வெட்கத்தைப் பேசாமல் தாங்கிக்கொண்டது. ஆறு பேர் இருக்கும் இடத்தில் ஏழாவது ஆள் தோளைச் சாய்த்து உட்காருவார். பிள்ளைகள் தாயின் பக்கத்தில் கை விடும். தட்டுக்கு அந்த இளக்கம் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரு தட்டு போனது. பிள்ளை வட்டிலப்பத்தை மட்டும் தின்றுவிட்டு மூடியைத் தட்டி விளையாடியது.

கீழ் மாடியில் தட்டு முடிந்தது. சுவரோரம் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் வான்கள் இன்னும் நின்று ஆட்களை இறக்கின. நான் பின்பக்கம் ஓடினேன்.

அங்கே சாச்சா ஏற்கெனவே வந்து நிற்கிறார். அவரும் அழைக்கப்பட்ட விருந்தாளிதானே. கோக்கி நானா கையைப் பிசைந்துகொண்டு, "டவுன்ல ஹோட்டல்களுக்கு ஆள் அனுப்புவம், கெடச்ச சோத்த அள்ளிட்டு வரட்டும்" என்றார்.

நான், "ராத்தா, சாப்பாடு வந்துகிட்டு இருக்குனு சொல்லி வைக்கவா?" என்று கேட்டேன்.

"வராத சோத்த எவ்வளவு நேரம் வருது வருதுன்டு செல்லுவீங்க அக்கா?"

சாச்சா சிரித்தார். "மகள், எனக்குத் தெரிஞ்ச ஆள் கட்டுகஸ்தோட்டையில வேறொரு விருந்துக்கு ஆக்கி வச்சிருக்கார். நான் ஒரு போன் கோல் எடுத்தா அங்கிருந்து வரும். நீ போய் பொம்புளைங்களோட ஒக்காரு. மத்தத நான் பாத்துக்குறேன்."

அந்த வார்த்தையின் விலை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் போனை எடுத்தால் கூடம் அவருடையது. ஆனால் வாசலில் நிற்கும் பெண்களுக்குச் சோறு கிடைக்கும். உண்மையைச் சொல்கிறேன், 'சரி என்று சொல்லுங்கள் ராத்தா' என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது.

ராத்தா மேல் மாடிப் படியேறினார். நானும் பின்னால் போனேன். ஆண்கள் இன்னும் வரவில்லை. காலிக் கதிரைகள், முன்னால் மூடிய தட்டுகள். அவர் ஒரு தட்டைத் திறந்து பார்த்தார். தட்டு நிரப்பும்போது நன்றாகச் சாப்பிடும் ஆளை நினைத்துத்தான் நிரப்புவோம், அப்படிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு மேலேயே சோறு இருந்தது.

"இந்த மண்டபத்துல சஹன் ஈக்கும்தானே?"

இருந்தது. காவலாளி ஐயா ஸ்டோர் அறையைத் திறந்துவிட்டார். தூசி பிடித்துக் கிடந்தவற்றை எங்கள் பெண்கள் கழுவக் கழுவ, மற்றவர்கள் மேல் மாடித் தட்டுகளைக் கீழே இறக்கினார்கள். நாலு தட்டுச் சோறு ஒரு சஹனுக்கு; நிரம்பிய சஹன்கள் இரண்டு மாடிக்கும் போயின. கோக்கி நானா, "சோறு உடையும், மெதுவா கொட்டுங்க, அல்லாவே, மெதுவா!" என்று கத்திக்கொண்டே அவரே வேகமாகக் கொட்டினார். வட்டிலப்பத்தை முதலில் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் எத்தனையோ துண்டு கோழியின் மேலேயே விழுந்தது.

இதற்கிடையில் ராத்தா மாப்பிள்ளையின் வாப்பாவை, அந்தப் பெரிய வியாபாரியை, வாசலில் பிடித்துவிட்டார். அவரும் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், ஆகவே அவரும் ஹாஜியார்தான். நான் சஹனைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹாஜியார், நான் கணக்குல பிழை விட்டுட்டேன். தட்டு போதாது. சஹன் வைக்கப் போறேன்."

அவர் முகம் சிவந்தது. "கொழும்பு ஆக்களுக்கு என்ன செல்றது?"

"என்ட பிழைன்டு செல்லுங்க. ஆனா மொத சஹன்ல நீங்க ஒக்காரணும். நீங்க கை வச்சா மத்தவங்களும் வைப்பாங்க."

"நீ என்னய வேல வாங்குறியா?"

"ஓ, ஹாஜியார்."

முறைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேலே போனார். ராத்தா கீழே வந்து, நின்றிருந்த பெண்களுக்கு நடுவில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "தட்டு முடிஞ்சிடுச்சு. என்ட பிழை. வாங்கோ, என்னோட ஒக்காருங்கோ." சொல்லிவிட்டு முதல் சஹனில் உட்கார்ந்தார். விருந்துச் சோறு ஆக்கியவர் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.  ஒரு மாமி முதலில் உட்கார்ந்தார். பிறகு சுவரோரம் காலியானது.

மேல் மாடியில் கொழும்பு ஆள் ஒருவர் வட்டிலப்பம் ஒட்டிய கோழித் துண்டைத் தின்றுவிட்டு, "இது என்ன, புது ஐட்டமா? நல்லா ஈக்கே" என்று கேட்டாராம். கோக்கி நானா முகம் மாறாமல், "ஓ, எங்கட ராத்தாட கண்டுபிடிப்பு" என்றாராம். பிறகு பின்பக்கம் வந்து அதைச் சொல்லிச் சிரிப்பு அடங்காமல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

சோறு போதுமாயிற்று. சட்டி வழித்துத்தான் போதுமாயிற்று.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. வகுப்பில் சொல்லவும் வசதி: புத்தாக்கம் பிழையாகிப் போனால் தலைவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், எல்லாருக்கும் நன்றி. எனக்கு நடுச்சாமத்தில் நித்திரை கலைவது இதற்காக அல்ல.

பந்தி முடியும் நேரம் நான் கேட் பக்கம் போனேன். புசல்லாவையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு குடும்பம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வயதான உம்மா, மகன், மகனின் மனைவி. மனைவிக்குக் கிட்னி மாற்றிய உடம்பு, மூக்கையும் வாயையும் மாஸ்க் மூடியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு அவர்கள் போன முதல் கல்யாணமாம். தனித் தட்டு என்று போனில் வந்ததால்தான் வந்தார்களாம். சஹனைப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிட்டார்கள்.

நான் ஓடிப்போய் ராத்தாவிடம் சொன்னேன். அவர் எச்சில் கையோடு கேட்டுக்கு ஓடிவந்தார்.

"நில்லுங்க, ஒரு தட்டு தேடித் தாறேன்."

அந்த உம்மா அவருடைய கன்னத்தைத் தடவி, "எங்களுக்குப் பசியில்ல மகள். நீங்க பாவம், ஓடித் திரியிறீங்க" என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்கள்.

தட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம். யாருக்காக அந்தத் தட்டைச் செய்தோமோ அவர்களுக்கு ஒன்றை எடுத்து வைக்க வேண்டும் என்று, அவ்வளவு பேர் கை வைத்த அந்த வேலையில், ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பழையதற்குத் திரும்பும்போது முழுதாகத் திரும்பிவிட்டோம். நீங்கள் ஒரு புதுக் காரியத்தைத் தொடங்கிப் பாதியில் கைவிட வேண்டி வந்தால், கொட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, இது யாருக்காகத் தொடங்கியது என்று கேளுங்கள். இதைத்தான் அன்று மைக்கில் சொல்ல நினைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பாத்திரங்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சாச்சா பல் குத்திக்கொண்டு வந்தார். வயிறு நிறைந்த மனிதரின் முகம். "சரி மகள். நானும் வாய் தெறக்கல்ல. நல்லா நடந்துடுச்சு" என்றார்.

எங்களுக்கு உயிர் வந்தது. ஒருத்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ராத்தா சொன்னார்: "இல்ல சாச்சா. பிழையாப் போச்சு."

"என்ன?"

"சாப்பிடாம ஆக்கள் போயிட்டாங்க. தட்டுன்டு செல்லி வர வச்சி, பசியோட அனுப்பிட்டேன். நடக்கல்லன்டு தெரிஞ்சும் நடந்துச்சின்டு உங்கள்ட்ட செல்ல எனக்கேலாது."

கோக்கி நானா கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கோபம் யார் மேலும் எனக்கு வந்ததில்லை. ஒரு குடும்பம் எழுந்து போனது சாச்சாவுக்குத் தெரியவே தெரியாது. சும்மா இருந்தால் கூடம் நிற்கும். இவருக்கு நேர்மை பெரிதா, எங்கள் அடுப்புகள் பெரிதா? லொறியில் ஏறித் திரும்பினோம். மஹய்யாவ சந்தியில் நான் இறங்கும்போது ராத்தா, "அக்கா, கோவமா?" என்று கேட்டார். "இல்லை ராத்தா" என்றேன். அது பொய். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

இப்போது யோசிக்கும்போது ஒரு பக்கம் இப்படித் தோன்றுகிறது. அன்று அவர் அந்தப் பிழையை மறைத்திருந்தால், தட்டைப் பற்றி நாங்கள் பிறகு ஒரு வார்த்தை கதைத்திருக்கமாட்டோம். சஹன் நம்மைக் காப்பாற்றியது என்று சொல்லிச் சொல்லி, புதுசாக எதையும் தொடாமல் இருந்திருப்போம். பிழை எது என்று அவர் சரியாகப் பேர் சொன்னதால்தான் தட்டு பிழையில்லை, கேட்ட விதம்தான் பிழை என்று எங்களுக்குப் பிரிந்து விளங்கியது. மறு பக்கம், அவர் பந்தயம் வைத்தது எங்கள் சோற்றை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. நீங்கள் படித்தவர்கள், யோசித்துப் பாருங்கள்.

அடுத்த நாள் காலை சாச்சா வந்து, தன்னுடைய பங்கு என்று பெரிய தேக்சாக்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். கட்டடத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, மூடச் சொல்லவும் இல்லை. ராத்தா கண்டிக்குப் போய் இரண்டு தேக்சா வாடகைக்கு எடுத்து வந்தார். பின்னேரம், இறந்தவருக்காகக் கத்தம் ஓதும் ஒரு வீட்டுக்குச் சோறு ஆக்கினோம்.